பூட்டிக்கொண்ட ரேடியோ

"பிடுங்கி எறிஞ்சிடுப்பா அதை," என்றாள் நோலீன். "அந்த மனுஷன் ஆசையா வச்சிருந்த எதுவும் இனி என் கண்ணுல படக் கூடாது."

அந்த மனுஷன் என்றது அவள் கணவர் லிண்ட்சேயை. ஏப்ரலில் இறந்துபோனார். அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இப்போது ஆஸ்திரேலியாவின் லான்செஸ்டன் ஊரில், டேரனின் பட்டறையில் நின்றது. முப்பது வயதான கார், துணிக் கூரை, இரண்டே சீட்டு.

கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டுவதுதான் டேரனின் தொழில். குனிந்து பார்த்தான். கார் வாங்கியபோதே இருந்த கேசட் செட். பாட்டும் இல்லை, இரைச்சலும் இல்லை. ரகசிய எண்ணைக் கேட்டு ஒரு சின்ன விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இது ஒரிஜினல் செட், நோலீன். பழைய கார் வாங்குறவங்க இதுக்குன்னே அலைவாங்க. பேட்டரி செத்ததுல பூட்டிக்கிச்சு, அவ்வளவுதான். நாலு நம்பர் சரியா அழுத்தினா பேசும்."

"நம்பர் அவருக்குத்தான் தெரியும். வாயைத் திறந்து எதைத்தான் சொன்னார், இதைச் சொல்றதுக்கு? காரை வாங்க வர்றவன் போன் இணைக்கிற செட்டு வேணுங்கிறான். சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறான். மாத்திடு."

டேரன் டாஷ்போர்டின் ஓரத்துப் பிளாஸ்டிக்கை நெம்பிக் கழற்றினான். அவன் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் பிடித்தபடி நோலீன் நின்றாள்.

"லிண்ட்சே தங்கமான ஆளு," என்றான் சும்மா இருக்க முடியாமல். "ஃபுட்பால் கிளப்புல ஒருத்தர்கூட அவரைக் குறை சொல்லிக் கேட்டதில்ல."

"ஊருக்குத் தங்கம்தான்." என்றாள். "இந்தக் காரை எப்ப வாங்கினார் தெரியுமா? நான் ரெண்டு மாசமா படுத்த படுக்கையா கிடக்கேன். ஹாரன் சத்தம் கேட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, சிவப்புக் கார்ல வந்து நிக்கிறார். ரெண்டே ரெண்டு சீட்டு."

டேரன் திருப்புளியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"வருஷா வருஷம் ஜூன்ல ஒரு நாள், இந்தக் காரை எடுத்துட்டு விடியறதுக்குள்ள கிளம்பிடுவார். எனக்குத் தனியா இருக்கவே முடியாத நாள் அது. அது தெரிஞ்சும் போவார். கேட்டா மீன் பிடிக்கப் போனேம்பார். வெறுங்கையோட வருவார். பேன்ட்டு முழங்கால்ல மட்டும் சேறு. மீன் பிடிக்கிறவனுக்கு முழங்கால்ல எதுக்குப்பா சேறு?"

"எங்கேயாவது வழுக்கி…"

"முப்பது வருஷமுமா வழுக்கும்? எவளோ ஒருத்தி. அவ வீட்டுத் தோட்டத்துல களை பிடுங்கிக் குடுத்துட்டு வந்திருப்பார்."

டேரனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பழைய செட் கம்பிகளோடு பாதி வெளியே தொங்கியது. ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்க, சீட்டுக்கு முன்னால் டாஷ்போர்டில் இருந்த சின்ன அறையைத் திறந்து காரோடு வந்த கையேட்டை எடுத்தான். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அடடா, இங்கே எழுதி வச்சிருக்கார்! இந்த செட்டுல நம்பரை நாமளே வச்சுக்கலாம். ஆம்பளைங்க பெரும்பாலும் பொண்டாட்டி பர்த்டேயைத்தான் வைப்பாங்க. நானும் அப்படித்தான், அப்பவாவது ஞாபகம் இருக்கட்டும்னு." சிரித்துக்கொண்டே படித்தான். "பூஜ்யம் ஒன்பது, பூஜ்யம் ஆறு. ஜூன் ஒன்பது. உங்க பர்த்டேதானே?"

"இல்ல."

"அப்ப கல்யாண நாள்."

"அது நவம்பர்."

டேரன் நாக்கைக் கடித்துக்கொண்டு கையேட்டை மூடப் போனான். நோலீன் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பென்சிலில் அழுத்தி எழுதிய நான்கு எண்கள். மேலே அதே பென்சிலில், கார் வாங்கிய தேதி.

"வாங்கின அன்னிக்கே எழுதிட்டாரா?"

"அப்படித்தான் தெரியுது. பேட்டரி இறங்குறப்பல்லாம், மாத்துறப்பல்லாம் இதைத்தான் அழுத்தியிருப்பார்."

டீக் கோப்பையை அவள் பெஞ்சில் வைத்தாள். காருக்குள் ஏறி லிண்ட்சேயின் இடத்தில் உட்கார்ந்தாள். தொங்கிக்கொண்டிருந்த செட்டை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். ரேடியோ சட்டென்று பேச ஆரம்பித்தது. மலைப்பக்கம் பனி விழும், பார்த்து ஓட்டுங்கள் என்றது.

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தோள்கள் குலுங்கின.

டேரன் கதவருகே முட்டி போட்டு உட்கார்ந்தான். "விடுங்க நோலீன். போய்ச் சேர்ந்துட்டார். யாரா இருந்தா இப்ப என்ன?"

"எங்க பொண்ணு, டேரன்."

அவன் விழித்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை என்றுதான் ஊரே நினைத்திருந்தது.

"காலையில பொறந்தா. சாயங்காலம் இல்ல. அவளைப் புதைச்ச இடத்துக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்ல." கையேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அவர் அவளை மறந்துட்டார்னு நினைச்சேன். வருஷா வருஷம் அங்கதான் போயிருக்கார்."

ரேடியோவின் சத்தத்தை டேரன் மெல்லக் குறைத்தான்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன்?"

"அவ பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான்தான்."