அரை டீக்கு ஒரு துணை

ஒரு டீ, ஒரு காலிக் கப்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் செவ்வாய்க்கிழமைதோறும் இதுதான் வழக்கம்.

நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு கிடந்துவிட்டு வேன் டிரைவர், பிழிந்துபோட்ட துணியாய் வந்து உட்கார்ந்தார். காத்திருந்த தையல்காரர் டீயை இரண்டு கப்பாகப் பிரித்தார். அதோடு விடுவாரா? கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் கப்புகளின் பக்கத்தில் பிடித்து அளவு பார்த்தார்.

"அளவு பிசகினா சட்டைய பிரிச்சுத் தைக்கலாம். உங்கள எப்படிப் பிரிச்சுத் தைக்கிறது?"

டிரைவர் சிரித்தார். தண்ணீர், டீ, குழம்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் அவருக்குக் கூடாது. சிறுநீரகம் கைவிட்ட உடம்பு; குடித்ததெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். ஆனால் டீ என்றால் அவருக்கு உயிர். பாழாய்ப்போன நாக்கு கேட்டால்தானே!

இருவரும் டயாலிசிஸில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து பழகியவர்கள். நடுவில் இரண்டு மாதம் தையல்காரர் கண்ணிலேயே படவில்லை. தட்டிக்கேட்க ஆளில்லாமல் டிரைவர் ஒரு சாயங்காலம் மூன்று டீயை உள்ளே தள்ளினார். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, போன உயிர் திரும்பி வந்தது. மனைவி அழுத அழுகையை நினைத்தால் இன்னும் குலை நடுங்குகிறது.

விஷயம் கேள்விப்பட்டு மறுவாரமே தையல்காரர் வந்து நின்றார். வெளியூர் போயிருந்ததாகவும், இப்போது தன்னைக் காலை டயாலிசிஸ் ஷிப்டுக்கு மாற்றிவிட்டதாகவும் சொன்னார். அன்றிலிருந்து பாதிப் பாதிதான்.

இன்றும் தையல்காரர் தன் பாதியைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, தனக்கும் தொண்டை காய்கிறது என்று புலம்பிக்கொண்டே கிளம்பினார். டேப்பை மேஜையிலேயே மறந்துவிட்டார்.

டிரைவர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

வாசல் மரத்தடியில் தையல்காரர் ஒரு பெரிய பாட்டிலை அண்ணாந்து கவிழ்த்து, தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்.

அடப்பாவி மனுஷா! டிரைவருக்குப் பதறிவிட்டது. கத்த வாயெடுத்தார்.

அந்த வழியாக வந்த நர்ஸ் சிரித்தாள்.

"அவருக்கென்ன சார், தங்கச்சி கிட்னி குடுத்து நாலு மாசமாச்சு. தினமும் மூணு லிட்டர் குடிச்சே ஆகணும். உங்களுக்குத் தெரியாதா?"

டிரைவர் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

அடுத்த செவ்வாய், ஒன்றும் தெரியாதவர்போல் டிரைவரே முந்திக்கொண்டு டீயைப் பிரித்தார். டேப்பை நீட்டி, அளவு சரியா என்று தையல்காரரைப் பார்க்கச் சொன்னார்.