ஒற்றைக் காது

"என் நாய்க்கு ஒரு காதுதான்" என்று மரியசெல்வம் மறுபடியும் தட்டினார். பிழைதிருத்தி மறுபடியும் அதை "இரண்டு காதுகள்" என்று மாற்றிவிட்டுப் பக்கத்தில் பச்சை டிக் போட்டது. காணாமல் போன அந்த நாய் சீமாட்டியின் படத்தை இணைத்தார். அதிலும் இன்னொரு காதை ஒட்டி வைத்தது. திருத்தாமல் எதையும் அனுப்பக் கூடாது என்பது சட்டமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

"கூறுகெட்ட சனியனே, என் நாயை நீ பாத்தியா?" என்று ஆத்திரத்தில் தட்டினார். அது "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கிக் கொடுத்தது.

வேறு வழியில்லாமல் அறிவிப்பை அப்படியே தெரு முழுக்க அனுப்பினார். அன்று முழுவதும் இரண்டு காதுள்ள நாய்களாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதில் ஒன்று அவரைக் கடித்தும் வைத்தது.

மறுநாள் எதிர்வீட்டுக் கனியம்மா கேட்டாள்: "நாய் கெடைச்சிட்டா அண்ணாச்சி?"

"எங்க கெடைக்க? அதுக்கு ஒத்தக் காதும்மா. எழுத விட்டாத்தான?"

கனியம்மா அவர் வீட்டு வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒத்தக் காதோட ஒண்ணு நேத்து ராத்திரி உங்க வாசக் கதவப் பிறாண்டிக்கிட்டு நின்னுச்சு, அண்ணாச்சி. நோட்டீஸ எடுத்து நல்லாப் படிச்சுப் பாத்துட்டு, நான்தான் கல்லெறிஞ்சு வெரட்டி விட்டேன்."