அறுபதாம் நம்பர்

"அறுபதாம் நம்பரைத் தூக்கிடணும் டாக்டர்."

இந்த ஒரு வரியைச் சொல்ல லேப் அக்கா காலையிலிருந்து மூன்று முறை மாடி ஏறி, மூன்று முறையும் கதவைத் தட்டாமலே இறங்கியிருந்தாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தக் குழாய்களோடு பதினாறு வருஷம் குப்பை கொட்டியவள். ஒரு ரிசல்ட்டைச் சொல்லத் தயங்கியது இதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தூக்கிட்டா அம்பத்தொம்பதுதான் இருக்கும். அறுபது பேர்னு எழுதிக் கொடுத்திருக்கோம்."

"தெரியும் டாக்டர்."

"வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. அதுவும் தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? இந்த நாலு வருஷத்தில் டாக்டரம்மா வீட்டுக் கதை ஒன்றுகூடப் பேசியதில்லை. வாயைத் திறந்தால் ஆராய்ச்சிதான். மற்றவர்கள் பிள்ளைகளின் படத்தை மாட்டும் இடத்தில் அவர் தன் கட்டுரைப் பட்டியலை ஒட்டி வைத்திருந்தார். சினைப்பை நீர்க்கட்டி, தள்ளிப்போகும் மாதவிலக்கு, தங்காத கரு என்று நாற்பத்தொன்பது கட்டுரைகள். ஐம்பதாவது இடம் காலி. வெள்ளிக்கிழமைக்குள் ஐம்பதாவதை அனுப்பிவிட்டால் துறைத் தலைவர் நாற்காலி இவருக்கு. இல்லாவிட்டால் எதிர் அறைக்காரருக்கு. எதிர் அறைக்காரரின் கட்டுரைகளில் பாதியில் கையெழுத்து மட்டும்தான் அவருடையது என்பது லேப் அக்காவின் கட்சி.

"ஏன், சாம்பிள் கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை லேப் அக்காவுக்கு வராது.

"சாம்பிள் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொம்பளதான் நம்ம ஆராய்ச்சிக்கு ஆகமாட்டா. முழுகாம இருக்கா."

டாக்டரம்மாவின் விரல்கள் நின்றன. "சான்ஸே இல்ல. மெஷினைச் சரியாப் பாருங்க."

"ரெண்டு மெஷின்ல மூணு தடவை போட்டுட்டேன்."

"அக்கா, அவளை எனக்கு நல்லாத் தெரியும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி. மூணு மாசம், நாலு மாசம் தள்ளிப்போறது அவளுக்குப் புதுசில்ல. பார்க்காத வைத்தியமில்ல. போதும்டா சாமின்னு விட்டுட்டா."

"அவ விட்டா, அது விடல!" பயம் போய் லேப் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தள்ளிப்போனா முதல்ல கர்ப்பமான்னு பாருங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவங்க நீங்க. அதைப் பார்க்காம யாரையும் சேர்க்கக் கூடாதுன்னு விதி போட்டதும் நீங்கதான். அம்பத்தொம்பது பேருக்கும் பார்த்தோம். கடைசி நாள் ஆள் கிடைக்கலைன்னு நீங்களே ஒரு குழாயைக் கொண்டுவந்து நீட்டினீங்க. நானும் வாயைப் பொத்திக்கிட்டு வாங்கி வச்சேன். இப்ப பாருங்க, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையாப் போச்சு."

டாக்டரம்மா மெல்ல எழுந்துபோய்ச் சுவர்ப் பட்டியலின் முன் நின்றார். ஐம்பது என்ற எண்ணைப் பார்த்தபடியே நின்றவரின் தோள்கள் குலுங்கின.

அழுகிறாரே! லேப் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. வேண்டாத பேச்சுப் பேசிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"விடுங்க டாக்டர். ஒரு மாசத்துல வேற ஆள் பிடிச்சுடலாம். நாற்காலிதானே, எங்க போயிடப் போகுது? ஆனா பாவம், பதினோரு வருஷம் காத்துக் கிடந்தவ. கட்டுரை கிடக்கட்டும், முதல்ல அவளுக்கு விஷயத்தைச் சொல்லுங்க."

டாக்டரம்மா திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"அதைத்தான் நீங்க இப்பச் சொல்லிட்டீங்களே அக்கா" என்றவர், வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, லேப் அக்காவின் முன்னால் கையை நீட்டினார். "எதுக்கும் இன்னொரு குழாய் எடுத்துப் பாத்துடுங்க."