உடைத்தவன் சாமான்

காலை வெயில் தையல் மேசைமீது சாய்ந்து விழுகிறது. அதில் அவளுடைய பழைய டேப் ரெக்கார்டர் வயிறு திறந்து கிடக்கிறது. முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது. "என் வீட்ல பாட்டும் கூத்தும் ஆகாது" என்று போன வாரம் அண்ணன் அதைச் சுவரில் வீசியடித்தான். விரிசல் விட்ட மூடியைத் தையல் நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறாள். நொறுங்கிய கைப்பிடிக்குப் பதிலாக அண்ணனின் ஆபீஸ் பெட்டிக் கைப்பிடி. நசுங்கிய ஸ்பிரிங்குக்குப் பதிலாக அவன் டார்ச்சின் ஸ்பிரிங். செலவு உடைத்தவன் தலையில்தானே விடிய வேண்டும்? சின்ன மோட்டார் ஒன்றைப் பொருத்தி, பெல்ட்டை மாட்டி, கடைசித் திருகை முடுக்குகிறாள். ஈரத்தலையும் துண்டுமாக அண்ணன் வந்து நிற்கிறான். "என் ஷேவிங் மெஷினைப் பார்த்தியா?" "இதோ ஓடுது பாருண்ணா" என்று பொத்தானை அழுத்துகிறாள். அவன் மெஷினின் மோட்டார் முனக, நாடா நகர, பாட்டு கொஞ்சம் வேகமாகவே, மூச்சிரைக்க ஓடி வருகிறது. அவன் கையை ஓங்குகிறான். அவள் சத்தத்தை முழுக்கக் கூட்டுகிறாள். "உடைச்சுக்கோ. அடுத்த தடவை உன் ஃபோனைப் பிரிச்சுக்கறேன்." ஓங்கிய கை அப்படியே நிற்கிறது. பிறகு மெல்ல இறங்கி, மேசை ஓரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஃபோனைப் பத்திரமாக எடுத்துக்கொள்கிறது.