ஒரு இருமல்கூட இல்லை

ஆஸ்பத்திரி அறைக் கதவு படாரென்று திறந்தது. நோயெமி கத்திக்கொண்டே உள்ளே வந்தாள்.

"என் தம்பிக்கு மறுபடியும் நிமோனியாவா? பக்கவாதத்துல விழுந்தவனுக்கு எல்லாத்தையும் கெட்டியாக்குற பொடி போட்டுக் கூழாக்கி ஊட்டியே கொல்றியாடி?"

தம்பி மனைவி லூஸ் தாரி முறைத்தாள். "விழுங்குறதைச் சோதிச்சுப் பார்க்குற டாக்டர் சொன்னதைத்தான் செய்றேன் அண்ணி. தண்ணியாக் கொடுத்தா புரையேறுமாம்."

"புரையேறுமா! நீ கடைக்குப் போனப்பல்லாம் நான் வெல்லத் தண்ணி கொடுத்தேன். டம்ளர் டம்ளரா குடிச்சான். ஒரு தடவையாவது இருமினானா? நம்ம மனிசாலெஸ் ஊர்ல வெல்லத் தண்ணிக்கு அடங்காத நோய் உண்டா?"

எக்ஸ்ரே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இசௌரா மெல்லத் திரும்பினார்.

"பக்கவாதத்துல இவருக்கு இருமலே செத்துப்போச்சும்மா. நீங்க கொடுத்த வெல்லத் தண்ணி சத்தமில்லாம நுரையீரல்லதான் இறங்கியிருக்கு."