டிரைவர் இன்னும் வரவில்லை

"மூண்டு கிழமையாச்சு தம்பி! ஒரு டிரைவர் தேடி எடுக்கத் தெரியாத ஆள் என்னத்துக்குக் கடை திறந்து வைச்சிருக்கிறீர்?"

ஞானேஸ்வரி டீச்சரின் குரல் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்பியூட்டர் திருத்தும் மஹ்ரூப் மட்டும் நிமிரவில்லை.

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர். புது விண்டோஸுக்கும் உங்க பிரிண்டருக்கும் ஒத்துவருதில்ல."

விசயம் இதுதான். வைரஸ் புகுந்து டீச்சரின் லப்டொப் படுத்துவிட்டது. பழைய எக்ஸ்பியைத் தூக்கிவிட்டுப் புது விண்டோஸ் போட்டுத் தருவதாக மஹ்ரூப் சொன்னான். டீச்சர் லப்டொப்பையும் பிரிண்டரையும் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாளே லப்டொப் வந்துவிட்டது. பிரிண்டர் வரவில்லை.

"டிரைவருன்னா மொழிபெயர்க்கிற ஆள் மாதிரி டீச்சர். நீங்க தமிழ்ல சொல்றத பொலிஸ்ல சிங்களத்துல சொல்ல ஒராள் வேணும்தானே? அதே மாதிரி, லப்டொப் சொல்றத பிரிண்டருக்குச் சொல்ல ஒராள் வேணும். அந்த ஆள் இன்னம் வரல்ல."

லப்டொப்பைக் கொடுத்த அன்றைக்கே இப்படிச் சொல்லிவிட்டு, 'டிரைவர் இல்லை, பிரிண்டர் கடையில் இருக்கிறது' என்று ஒரு துண்டில் சிங்களத்தில் எழுதி, திகதி போட்டு, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தான். தமிழில் எழுதினால் கை சுளுக்கிவிடுமோ என்று டீச்சருக்குக் கோபம் வந்தது.

பிரிண்டர் இல்லாமல் டீச்சரால் இருக்க முடியாது. தன் தம்பி பாலேந்திரனைக் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்துப் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதம். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. அவனை விடச்சொல்லிக் கிழமை தவறாமல் டீச்சர் மந்திரிமாருக்கும் மனித உரிமை அலுவலகத்துக்கும் கடிதம் எழுதுகிறார். ஒரு கிழமை விட்டாலும் அவனை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்ற பயம்.

"பென்டிரைவ்ல கொண்டுவாங்க, நான் சும்மாவே அடிச்சுத் தாரேன்" என்று மஹ்ரூப் சொன்னதுதான் டீச்சருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. சும்மா தருகிறானென்றால் பிரிண்டரை உடைத்துவிட்டான், இல்லாவிட்டால் விற்றுவிட்டான். கோயிலிலும் சந்தையிலும் கண்டவர்களிடமெல்லாம், "அந்தக் கள்ளனிட்டப் போயிடாதேங்கோ" என்று சொல்லி வைத்தார்.

அவன் அடித்துத் தந்த தாள்களிலும், டீச்சரின் பிரிண்டர் போடுவது போலவே, இடது கரையில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. 'இவன்ர மெசினும் கிழடுதான்' என்று நினைத்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை வருவன். பிரிண்டரை எடுத்து வையும். கண்டியில வேற கடை இல்லாமலே?"

கடிதம் இருந்த பென்டிரைவை மேசையில் போட்ட டீச்சர், பிரதிக்குக்கூடக் காத்திருக்காமல் வெளியேறினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். பொலிஸ்காரர் மூன்று பேர்.

"வீட்ல பிரிண்டர் இருக்குதா?" ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்தது.

"தி... திருத்தக் குடுத்திருக்கு."

"எங்க?"

டீச்சர் கைப்பையைக் கொட்டித் தேடி அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தார். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் சிங்களத்தை வாசித்தார். திகதியைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழேயும் அலுமாரிக்குள்ளேயும் தேடிவிட்டுத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மத்தியானம்தான் செய்தி வந்தது. எங்கேயோ மதிலில் அரசுக்கு எதிராகத் தமிழில் துண்டுப்பிரசுரம் ஒட்டியிருந்ததாம். அடுத்த ஒழுங்கை ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்டர் ரியூசன் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அடிக்கிற பிரிண்டரைக் கொண்டுபோய்விட்டார்கள். கூடவே மாஸ்டரையும்.

திங்கள் காலை கடை பாதிதான் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போன டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

மூலையில் அவருடைய பிரிண்டர். புது விண்டோஸ் போட்ட ஒரு லப்டொப்போடு இணைத்திருந்தது. கரகரவென்று டீச்சரின் கடிதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. தாளின் இடது கரையில் அதே கறுப்புக் கோடு.

"தம்பி, இது வேலை செய்யுதே!"

மஹ்ரூப் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

"டிரைவர் முதல் நாளே கிடைச்சிட்டு டீச்சர். நீங்க பிரிண்டரக் கொண்டுவந்த அன்னிக்குக் காலையிலதான், எந்தெந்தத் தமிழ் வீட்ல பிரிண்டர் இருக்குன்னு பொலிஸ்காரங்க கடை கடையா விசாரிச்சிட்டுப் போனாங்க. என் கடையில இருந்தா அது வியாபாரம். உங்க வீட்ல இருந்தா அது கேஸ்."

டீச்சர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! நான் ஊரெல்லாம் உம்மைக் கள்ளன் எண்டெல்லே சொல்லித் திரிஞ்சன்."

"சொல்லியிருந்தா பயத்துல கடிதம் எழுதுறத விட்டிருப்பீங்க. பொறகு உங்க தம்பிக்கு யாரு?"

அவன் தாள்களை அடுக்கி நீட்டினான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சிங்களத் துண்டை நாலாக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் பத்திரமாக வைத்தார்.

வாசலில் நிழல் தட்டியது. சனிக்கிழமை கடையில் நின்ற ஆள்களில் ஒருவர்.

"என்ன டீச்சர், பிரிண்டர் சரிவந்திட்டா?"

ஞானேஸ்வரி டீச்சர் எழுந்து, பிரிண்டரை மறைத்தபடி நின்றார்.

"எங்க சரிவாறது! இந்த ஆள் தேடுற வேகத்துக்கு வருசம் முடிஞ்சாலும் டிரைவர் வராது" என்று, சனிக்கிழமையை விடவும் சத்தமாகத் திட்டினார்.