வலப்பக்கப் பெயர்

காலையிலிருந்தே இருதயராஜுக்குக் கழுத்து நரம்பு சுண்டி இழுத்தது. கல்குவாரி கம்பெனியின் மெயில் சர்வர் அவன் பொறுப்பு. புகார் முகவரிக்கு வருவது யாருக்குப் போகவேண்டும் என்பது அதில் ஒரே வரி: இடப்பக்கம் 'புகார்', வலப்பக்கம் வாங்குகிறவர் பெயர். போன வாரம் மேனேஜர் தணிகைவேல் வந்து நின்றார்.

"அதுல ஏம் பேர எடுத்துருப்பா. ஆய்வுக்கு வர்றவன் அனுப்பிப் பாப்பான், மெயில் திரும்பக் கூடாது. ஆனா யாருக்கும் போகவும் கூடாது."

"குழியில தள்ளச் சொல்றீங்க."

"குழி வெட்டுற கம்பெனிதானப்பா நாம!" சிரித்துக்கொண்டே போனார்.

ஒரு நிமிட வேலைதான். ஆனால் ஜல்லி உடைத்துக் கஞ்சி குடித்த வீட்டில் பிறந்தவனுக்குக் கை வரவில்லை. வலப்பக்கத்தில் தன் பெயரை எழுதிவிட்டான்.

அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்க்கும் செங்கேணி மூன்று முறை எழுதிவிட்டார்: பெல்ட்டுக்கு மூடி இல்லை, ஒருவருக்கு விரல் போய்விட்டது. மேனேஜரிடம் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பார். செங்கேணிக்குப் பதில் போட்டால், புகார் தனக்கு வருவது வெளியே தெரிந்துவிடும், வேலை போகும்.

இன்று நான்காவது வந்தது. "ஐயா, திங்கக்கெழமையிலேர்ந்து அந்தப் பெல்ட்டுல எம் பொஞ்சாதி நிக்கப்போறா. படிச்சீங்களான்னாச்சும் சொல்லுங்க."

இருதயராஜ் எழுந்து வராந்தா முழுக்க நடந்தான். வந்து உட்கார்ந்து 'ஐயா' என்று அடித்தான், அழித்தான், மறுபடி எழுந்தான். வெள்ளிக்கிழமை மாலை ஆகிவிட்டது. செங்கேணிக்கு அவன் தரவேண்டிய பதில் இன்னும் பாக்கி.